மூன்றாவது வரியை நான் இழுத்த இழுப்பு

போன மாதம் எங்கள் பழைய டயாலிசிஸ் பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் போன் செய்தாள். இப்போது அங்கே கட்டிலுக்கு ஒன்றாக ஹெட்போன் வந்துவிட்டதாம். அவரவர் சாமி பாட்டை அவரவர் காதில் மாட்டிக்கொண்டு நோயாளிகள் நாலு மணி நேரமும் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்களாம். "ஒங்க காலத்துல ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் சேத்துல்ல மேடம் போடுவீக? பாட்டு கேட்டா பேசண்டுக்குப் பயம் கொறையுதுன்னு நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றாள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் 'ஒங்க காலம்' ஆகிவிட்டது, பாருங்கள். கோபம் வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். பாட்டுக் கேட்டால் பி.பி. எத்தனை பாயிண்ட் இறங்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பாட்டால் நான் பிழைத்தது எப்படி, அதே பாட்டால் ஒரு அம்மாளைச் சாகக் கொடுக்கப் பார்த்தது எப்படி என்று வேண்டுமானால் எழுதலாம். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வராது. என் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்துகொள்ளும்.

சின்னமனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் வெளியூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்க அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்றரை வருடத்தில் படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், திட்டு வாங்கவும் படித்தேன். முதல் வருடத்தில் ஒரு நாள் என் அம்மா வயதுள்ள ஒரு பெண்மணி, நான் பி.பி. பார்க்கக் கையைப் பிடித்திருக்கும்போதே இறந்துபோனாள். டூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். ஊருக்கே ஓடிவிடலாம், நாற்று நட்டுக்கொண்டு கிடக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. ஹாஸ்டலுக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லு பதித்த உயரமான மதில் ஒன்று உண்டு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆணும் பெண்ணுமாகப் முப்பது நாற்பது பேர் ஒரே குரலில் மெதுவாகப் பாடினார்கள். வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும் வந்தது. யாரோ முதுகைத் தடவிக்கொடுத்த மாதிரி இருந்தது. அழுகை நின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன், மறுநாள் டூட்டிக்கும் போனேன்.

அதன் பிறகு சாயங்காலமானால் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவேன். சில நாள் பாட்டு வரும். வராத நாட்களில் ஏமாந்துபோய் எழுந்து வருவேன். சர்ச்சில் சாயங்காலப் பூசை போல என்று நினைத்துக்கொண்டேன். மாடிக்குப் போகும் கதவை வார்டன் பூட்டியே வைத்திருந்ததால் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. யாரிடமும் கேட்கக் கூச்சம். ராகத்தை மனசில் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வரி மட்டும் பிடிபடவில்லை. சரியாக அந்த இடம் வரும்போது அங்கே ஏதோ கூச்சல் கிளம்பிப் பாட்டை அமுக்கிவிடும். அதனால் அந்த வரியை நானாக ஒரு மாதிரி மேலே ஏற்றி இழுத்து, நாலாவது வரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்.

அந்தப் பாட்டை முப்பது வருடத்துக்கு மேல் முணுமுணுத்தேன். அரசு வேலை கிடைத்து எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த வார்டில் போட்டாலும், கை நடுங்குகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு அதை முனகினால் கை நின்றுவிடும். மாஸ்க்குக்குள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? நான் வீரபாண்டி அம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவள். ஆனாலும் கஷ்டமான நேரத்தில் ஆத்தா பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டு இந்த ராகத்தைத்தான் பிடிப்பேன். அது எந்தச் சாமியின் பாட்டு என்று ஆத்தாவும் கேட்டதில்லை.

கடைசி ஒன்பது வருடம் தேனியில் டயாலிசிஸ் பிரிவு. அங்கே நோயாளி வந்தவுடன் எடை பார்ப்போம், பி.பி. பார்ப்போம். பிறகு கை. இடது கையில் ஒரு சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது தெரியும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரைச்சல் கேட்கும். இரைச்சல் இருந்தால்தான் ஊசி. தடியான ஊசி இரண்டு போட வேண்டும். ஒன்றில் ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றதில் திரும்பி வரும். நோயாளி பயந்து கையை இறுக்கினால் ஊசி குழாயைத் தாண்டிப் போய்விடும், கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிடும். வாரத்துக்கு மூன்று தடவை, உயிர் இருக்கும் வரை இந்தப் பாடு. அதனால் எங்கள் வேலையில் பாதி, அந்தக் கையைத் தளர வைப்பது.

எங்கள் டாக்டர் கம்பத்துக்காரர். அவர் ஒரு நோயாளியிடமும் 'எப்படி இருக்கீக' என்று கேட்டதில்லை. 'நேத்து என்ன சாப்டீக, எவ்வளவு தண்ணி குடிச்சீக' என்றுதான் கேட்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று விரலை ஃபிஸ்டுலா மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். துடைக்கத் துடைக்க நாங்கள் ஆளுக்கொரு மெஷின் பக்கம் நகர்ந்துவிடுவோம்.

ஸ்பீக்கர் வாங்கி வைத்தவரும் அவர்தான். வைத்த முதல் வாரமே சண்டை வந்துவிட்டது. எந்தச் சாமி பாட்டு முதலில் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ராசு அண்ணன்தான் தீர்த்துவைத்தார். அவர் திராட்சைத் தோட்டக்காரர், மூன்றாம் நம்பர் கட்டில். "கம்பம் பஸ்ஸுல காலையில எப்படிப் போடுறாக? மொத பிள்ளையார் பாட்டு, அடுத்து ஏசு பாட்டு, அடுத்து அல்லா பாட்டு. அதுக்கப்புறம் சினிமாப் பாட்டு. அங்கன யாராச்சும் சண்ட போடுறாகளா? அதே வரிசையில போடுங்க" என்றார். அதன் பிறகு எங்கள் பிரிவு பஸ் மாதிரியே ஓடியது. புதிதாக வருகிறவர்களிடம் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பார் ராசு அண்ணன்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஜெயராணி அக்கா. போடியில் பஜாரில் ஜவுளிக்கடை. கணவரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். அக்கா தங்கள் சர்ச்சில் நாற்பது வருடமாகக் கொயரில், அதாவது பாட்டுக் குழுவில், பாடுகிறவர், கொயரை நடத்துகிறவரும் அவரே. சர்க்கரை வியாதியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. நல்ல உயரம், நல்ல குரல், எதற்கும் ஒரு சிரிப்பு. ஆனால் ஊசியைக் கண்டால் அவ்வளவுதான், கை கட்டையாகிவிடும். ஸ்பீக்கரில் ஏசு பாட்டு ஓடும்போதே ஊசி போட்டுப் பார்த்தோம். "இந்தப் பாட்டுக்காரருக்கு மூச்சு பத்தல, சிஸ்டர்" என்று குறை சொல்லிக்கொண்டு கையை இன்னும் இறுக்கினார்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஆள் வாடிப்போனார். சிரிப்பு நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை. முதல் ஊசி தவறிவிட்டது. ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இந்த அம்மாளுக்கு ஏதாவது ஆறுதலாகச் செய்ய வேண்டுமே என்று இருந்தது எனக்கு. வழக்கமாக மாஸ்க்குக்குள் எனக்காக முனகுகிறவள், அன்றைக்கு அவருக்காக, அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கேட்கும்படியே முனகினேன். சர்ச் பாட்டுதானே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

கை தளர்ந்தது. இரண்டு ஊசியும் பூப்போல இறங்கின. எனக்கு ஒரே பெருமை.

"சிஸ்டர், இந்தப் பாட்டு ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"யாரும் சொல்லித் தரலக்கா. சின்ன வயசுலருந்து தெரியும். நல்லாருக்கா?"

"இது எங்க ஆளுகள்ல பொட்டி மூடுறப்பப் பாடுறது சிஸ்டர்."

எனக்கு உடனே புரியவில்லை. சிரித்துக்கொண்டே "எந்தப் பொட்டிக்கா?" என்று வேறு கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் மெஷினைக் கழற்றச் சொன்னார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சவப்பெட்டியைச் சொல்லியிருக்கிறார் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் டெக்னீசியன் சாமுவேல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் போய், "ஏன் தம்பி, இத்தன வருசமா பக்கத்துலயே நிக்கிறீகளே, நான் சாவுப் பாட்டுப் பாடுறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று சண்டை போட்டேன்.

"நீங்க சரியாப் பாடிருந்தாத்தான மேடம் எனக்குத் தெரியும்? நான் ஏதோ கும்மிப் பாட்டுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர். முனகலில் இருந்து அதை அடையாளம் கண்டுபிடிக்கக் கொயர் நடத்துகிற ஒருவரால்தான் முடிந்திருக்கிறது.

புதன்கிழமை ஜெயராணி அக்கா வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் கட்டில் காலியாகக் கிடந்தது. முழு டயாலிசிஸ் நடந்து ஒரு வாரமாகிவிட்டது. உடம்பில் தண்ணீர் ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பத்து மணிக்கு அண்ணாச்சி போனை எடுத்தார்.

"அவ வரமாட்டேங்குறா. சாப்பிடவும் மாட்டேங்குறா. மூச்சு வாங்குது. நீங்க என்ன பண்ணுனீக சிஸ்டர் அவள?" என்று கேட்டார். அந்த மனுஷர் அதற்கு முன்னால் எங்களிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

டாக்டரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சிஸ்டர், ஒரு மருந்து போடுறதுக்கு முன்னாடி என்ன கேப்பீக?"

"ஒத்துக்குமா, முன்ன எப்பயாச்சும் ஒவ்வாம வந்துச்சான்னு கேப்பேன் சார்."

"பாட்டுக்குக் கேட்டீகளா?"

"இல்ல சார்."

"பாடுனது தப்பில்ல. யாருக்குப் பாடுறோம்னு கேக்காமப் பாடுனதுதான் தப்பு" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒரு மெஷின அஞ்சு மணி வரைக்கும் காலியா வச்சிருக்கேன். போயிக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல போனா அவுக தாங்கமாட்டாக" என்றார்.

ஒரு மணிக்கு டூட்டியை ஒப்படைத்துவிட்டுப் போடி பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆத்தா, ஆத்தா என்றுதான் வாய் சொன்னது. அந்த ராகத்தை நினைக்கவே பயமாக இருந்தது. முப்பது வருடத்தில் முதல் முறையாக, நடுங்குகிற கைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை எனக்கு.

கடைக்கு மேல் மாடியில் வீடு. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே கையைக் காட்டினார். அக்கா நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. முகம், கால் எல்லாம் வீக்கம். பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாதவருக்கு ஒரு சொம்பு! கட்டிலின் மேல் வெள்ளைச் சேலை ஒன்று தேய்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாங்க சிஸ்டர். ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஞாயித்துக்கெழம முழங்கால்ல நின்னு கேட்டேன். 'ஆண்டவரே, எனக்கு முடியல. போதும்னா போதும்னு சொல்லிருங்க, நான் வந்துர்றேன்'ன்னு. மறுநா காலையில நீங்க பாடுறீக. தீச்சட்டி எடுக்குறவுக, எங்க பாட்டுப் பொஸ்தகத்தத் தொட்டே பாக்காதவுக, என் காதுல வந்து பொட்டிப் பாட்டப் பாடுறீக. இதுக்கு மேல அவரு எப்படிச் சொல்லணும்?"

பயந்துபோய் வராமல் இருக்கிறார், தைரியம் சொல்லிக் கூட்டிப் போகலாம் என்று வந்தேன். இவரோ பயத்தையெல்லாம் தாண்டி, பதில் வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். பயத்துக்கு மருந்து உண்டு. இதற்கு என்ன செய்ய?

"ஏக்கா, நான் என்ன ஒங்களுக்கு மட்டுமா பாடுனேன்?" என்று கத்திவிட்டேன். "ராசு அண்ணனுக்கு ஊசி போடுறப்ப மூணு வருசமா மாஸ்க்குக்குள்ள பாடுறேன். அவரு இன்னிக்கிக் காலையில கூட இட்லிக்குச் சட்னி பத்தலன்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்கெல்லாம் அழைப்பு வரலையா?"

"அவுகளுக்கு அது வெறும் ராகம். கேக்க வேண்டியவளுக்குக் கேட்டுருச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றாகப் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயாளி முன்னால் அழக் கூடாது என்று முப்பது வருடம் கட்டிக் காத்தது அங்கே உடைந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுகாதீக. எங்கருந்து கத்துக்கிட்டீக அத?"

சொன்னேன். என் கையில் செத்துப்போன அந்த அம்மாள், ஜன்னல், கண்ணாடிச் சில்லு பதித்த மதில், வராத நாட்களில் ஏமாந்து எழுந்து வந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"மதிலுக்கு அந்தாண்ட கல்லறைத் தோட்டமா?" என்று கேட்டார்.

அது வரை எனக்கு உறைக்கவே இல்லை, நம்புவீர்களா? திங்கட்கிழமை முதல் அத்தனை குழம்பியும் அது மட்டும் தோன்றவில்லை. இன்றைக்குப் பாட்டு வராதா என்று நான் ஏங்கிய ஒவ்வொரு சாயங்காலமும், யாராவது சாகமாட்டார்களா என்றல்லவா ஏங்கியிருக்கிறேன்! நெற்றியில் அடித்துக்கொண்டேன். "அய்யோ அக்கா, என்ன பாவம் பண்ணிட்டேன்" என்று தேம்பினேன். இப்போது யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வந்தது என்றே தெரியவில்லை.

"சரி, பாடுங்க. மாஸ்க்கு இல்லாம, முழுசாப் பாடுங்க. கேட்டுக்கிறேன்" என்றார்.

மாட்டேன் என்றேன். விடவில்லை. பாடினேன். வார்த்தை தெரியாது, வெறும் 'ம்ம்ம்' தான். முதல் இரண்டு வரிக்கு அக்கா கண்ணை மூடிக்கொண்டு கண்ணீர் விட்டார். மூன்றாவது வரிக்கு வந்தேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்னது அது?"

"எதுக்கா?"

"அந்த இழுப்பு. எறங்க வேண்டிய எடத்துல எங்க ஏறிப் போறீக? இன்னொருக்காப் பாடுங்க."

பாடினேன். அக்காவின் தோள் குலுங்கியது. மூச்சு முட்டிவிட்டதோ என்று பதறி எழுந்தேன். சிரிக்கிறார்! ஆறு மாதம் முன்னால் பார்த்த அதே சிரிப்பு. சிரிப்பும் இருமலுமாக அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்க, இவுக பாடுறதக் கேளுங்க!" அண்ணாச்சி பதறிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கும் ஒருமுறை பாடிக் காட்டினேன். என் மானம் போனால் போகட்டும், மணி மூன்றேகால். அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கெழம நான் ரெண்டு வரிக்கு மேல கேக்கவே இல்ல. அதோட நெஞ்சு அடச்சுப் போச்சு" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாப்பது வருசமா ஆண்டவருக்குப் பாடுறேன் சிஸ்டர். அவருக்குச் சுருதி தெரியாதா? என்னையக் கூப்பிடணும்னா இப்படியா பாட வச்சுக் கூப்பிடுவாரு? இது அவரு வேலையே இல்ல. இது ஒங்க வேல."

"ஆமாக்கா, என் வேலதான்" என்றேன். வாழ்க்கையில் ஒரு குற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டதில்லை.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த வரி ஒங்களுக்கு ஏன் கேக்கலன்னு தெரியுதா? குழிகிட்ட வச்சுக் கடைசியா முகம் பாத்துட்டு, அந்த வரியிலதான் மூடுவோம். அப்பத்தான் எல்லாரும் கதறுவாக. நான் எத்தன வீட்டுக்குப் பாடிருக்கேன். அந்த எடத்துல என் பாட்டு எனக்கே கேக்காது."

"சாவுக்குப் பாடுறதப் போயி ஒங்களுக்குப் பாடிட்டேனேக்கா."

"பொட்டிக்குள்ள இருக்கவுகளுக்கு என்ன கேக்கப் போகுது? சுத்தி நிக்கிறவுகளுக்குத்தான பாடுறது. நீங்களும் மதிலுக்கு இந்தாண்ட நின்னவுகதான" என்றார் எரிச்சலாக, எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி. பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். "என்ன மரம் மாதிரி நிக்கிறீக? வண்டிய எடுங்க. டாக்டரு திட்டுவாரு."

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். டாக்டர் வாசலிலேயே நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். இரைச்சல் இருந்தது. கண்ணைத் திறந்து, "நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சீக?" என்றார். "கேக்காதீக டாக்டர்" என்றார் அக்கா. நான் ஊசியை எடுத்தேன். கை மறுபடியும் இறுகியது. "நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்காவே பாட ஆரம்பித்தார். அந்தப் பாட்டு இல்லை, வேறு ஏதோ துதிப் பாட்டு. இருந்த கொஞ்ச மூச்சில் விட்டு விட்டுப் பாடினார். ஒரு வரியை முடித்து அவர் மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்து நான் ஊசியை ஏற்றினேன். அடுத்த வரி முடியும்போது இரண்டாவது ஊசி. கை அசையவே இல்லை.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. டாக்டர் எல்லாருடைய கேஸ் ஷீட்டிலும், ஒவ்வாமை என்று போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: எந்தப் பாட்டு வேண்டும், எந்தப் பாட்டு கூடாது. ராசு அண்ணனிடம் கேட்டபோது, "எந்தப் பாட்டுனாலும் போடுங்க. ஆனா சங்கு ஊதி ஆரம்பிக்கிற பாட்டு மட்டும் வேணாம் தாயி, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிரும்" என்றார். மூன்று வருடமாகப் பிள்ளையார் பாட்டு என்று காலையில் முதல் பாட்டாக அவருக்குப் போட்டுவந்தது சங்கு ஊதித்தான் ஆரம்பிக்கும்! பாவம், வாய் திறக்காமல் அவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

ஜெயராணி அக்கா அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். திங்கள், புதன், வெள்ளி. மகள் கல்யாணத்தைப் பார்த்தார், பேரனைத் தூக்கினார். மெஷின் ஓடும் நாலு மணி நேரத்தில் எனக்கு மூன்றாவது வரியைச் சொல்லித் தர அவர் பட்ட பாடு! 'எறங்குங்க, எறங்குங்க' என்று வலது கையைக் கீழே கீழே காட்டுவார். நான் சரியாக மேலே போய் நிற்பேன். மொத்த வார்டும் சிரிக்கும். "ஒங்களுக்கு எறங்கவே தெரியாது சிஸ்டர்" என்பார். என் கை நடுங்குகிற நாட்களில் மாஸ்க்குக்குள் நான் முனகினால் கண்டுபிடித்துவிடுவார். "பாடுங்க, பாடுங்க, ஒங்களுக்குத்தான" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. டாக்டர் அன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை, கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் போடியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கல்லறை மதிலுக்கு அந்தப் பக்கம் போகிறேன். ஓரமாக நின்றுகொண்டிருந்தவளை அண்ணாச்சி வந்து கூப்பிட்டார். "முன்னாடி வந்து நில்லுங்க சிஸ்டர். ஜெயா சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார்.

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதே வெள்ளைச் சேலை. கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். என் விரல் பழக்கதோஷத்தில் இடது கைக்குப் போய்விட்டது. ஆயிரம் தடவை தொட்ட இடம். இரைச்சல் இல்லை.

கொயர் பாட ஆரம்பித்தது. அக்கா பழக்கிய பெண்கள். முதல் வரி, இரண்டாவது வரி. மதில் இல்லாமல், வார்த்தையோடு, முழுசாக. இரண்டு பேர் மூடியைத் தூக்கினார்கள். மூன்றாவது வரி வந்தது. இறங்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண்கள் இறங்கவில்லை. அத்தனை பேரும் ஒன்றாக மேலே ஏறி, நான் இழுக்கிற மாதிரியே இழுத்தார்கள். முன்னால் நின்ற பெரியவர்கள் சிலர், என்ன இந்தப் பெண்கள் தப்பாகப் பாடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். கொயரில் நடுவில் நின்ற பெண் பாடிக்கொண்டே என்னைத்தான் பார்த்தாள்.

அந்த வரியின் மிச்சம் எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்தில் கூச்சல் வந்துவிட்டது. இந்தத் தடவை அது என்னுடையது.